பிரதமருக்கு ஓட்டுப் போடப் பறந்தவன்

அந்தக் கேக்கின் மேல் ஒரு விரல் இருந்தது.

கிரீமில் செய்த ஆள்காட்டி விரல். நகத்தின் மேல் நீலக் கோடு. நீலம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதால் கதவிடுக்கில் நசுங்கிய விரல் போலத் தெரிந்தது. கீழே ஆங்கிலத்தில் என் பெயரும், போய் ஓட்டுப் போட்டுவிட்டு வா என்ற வாழ்த்தும்.

டெக்சாஸில், இர்விங்கில், எங்கள் இரண்டாம் மாடி அபார்ட்மென்ட்டில், ஒரு சனிக்கிழமை மதியம் பதினேழு பேர் அந்த விரலைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். நான் அடக்கமாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். நாட்டுக்காகப் புறப்படுகிறவன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று காலையிலேயே குளியலறைக் கண்ணாடியில் பார்த்து வைத்திருந்தேன்.

மாலதி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். கேக் வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் முகமும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

"விரலை யாரு சாப்பிடறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"சேதுதான். அவன்தானே பிரதமரை செலக்ட் பண்ணப் போறான்" என்றான் வெங்கட்.

நான் விரலைச் சாப்பிட்டேன். பல்லெல்லாம் நீலமானது. அந்தப் பல்லோடுதான் விடைபெறும் உரை ஆற்றினேன்.

சனிக்கிழமை சபை

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு வெங்கட்டைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குப் பத்து வருடம் முன்னால் அமெரிக்கா வந்து, காப்பெலில் வீடு வாங்கி, இந்தியச் சேனல்களுக்காகக் கூரையில் டிஷ் மாட்டி, அந்த டிஷ்ஷின் பலத்தில் எங்கள் எல்லோருக்கும் அரசியல் தலைவனானவன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலைந்து குடும்பங்கள் அவன் வீட்டில் கூடுவோம். எந்த டேகேர் நல்லது, எந்தப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார், யாருடைய கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது போன்ற அற்ப விஷயங்களைப் பெண்கள் சமையலறையில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் ஹாலில் இந்தியாவை ஆண்டுகொண்டிருப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த அந்தப் பொதுத்தேர்தல் சமயத்தில் எங்கள் ஆட்சி உச்சத்தில் இருந்தது.

"அம்பத்தொரு பர்சன்ட் ஓட்டு வாங்கினாத்தான் பிரதமர் ஆக முடியும்" என்பான் வெங்கட்.

"ஆனவர் சரியில்லன்னா, சென்டர்ல ஜனாதிபதி ஆட்சி கொண்டு வந்துட்டுப் போறாங்க" என்பார் இன்னொருவர்.

நான் அதை ஆமோதிப்பேன். மத்தியில் ஜனாதிபதி ஆட்சி என்ற ஒன்று நம் அரசியல் சட்டத்திலேயே கிடையாது என்பது அந்த ஹாலில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு உற்சாகமாகப் பேசியிருக்கவும் முடியாது.

எல்லோரையும்விட நான் ஒரு படி மேல். நான் எழுதுவேன். எங்கள் மின்னஞ்சல் குழுவுக்குப் பன்னிரண்டு பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். பிரதமரை நம் விரலால் நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நாள் வருகிறது, உறங்காதீர்கள் என்று அதில் இருந்தது. உறங்கவிடாத நீளம்தான்.

ஒரே ஒருவன் மட்டும் கேள்வி கேட்டான். ஜமால். நாகப்பட்டினத்துக்காரன். லாஸ் கொலினாஸில் என் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் வேலை. எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே கீழ்த்தளத்தில் அவனும் அவன் மனைவி நஃபீசாவும் குடியிருந்தார்கள்.

"உன் தொகுதில யாரு நிக்கிறா சேது?"

"அதா முக்கியம்?"

"இல்ல, ஓட்டு அவருக்குத்தானே போகும்?"

நான் அவனை அன்போடு பார்த்தேன். பாவம், பெரிய விஷயங்கள் பிடிபடாதவன்.

ஒரு சனிக்கிழமை வெங்கட் பெருமூச்சு விட்டான். "இங்க உக்காந்து வாய் கிழியப் பேசறோம். நம்மள்ல ஒருத்தனாவது ஊருக்குப் போய் ஓட்டுப் போடுவானா?"

"நான் போறேன்" என்றேன்.

சமையலறையில் பேச்சு நின்றது. ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அது யார் கையிலிருந்த கரண்டி என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

வீடு திரும்பும்போது ஃப்ரீவேயில் மாலதி கேட்டாள்.

"நெஜமாவே போறீங்களா?"

"ரெண்டே வாரம். டெலிவரிக்கு இன்னும் எவ்வளவோ டைம் இருக்கு. அதுக்குள்ள உங்கம்மாவும் வந்துடுவாங்க. அப்படியே நான் சென்னையில விசா ஸ்டாம்பிங்கையும் முடிச்சுட்டு வந்துடுவேன்."

"உங்க ஊர் எம்.பி. யாரு?"

"இப்ப அது எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"நான் எம்.பி.க்கு ஓட்டுப் போடப் போகல மாலதி. பிரதமருக்குப் போடப் போறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் எக்ஸிட் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஜனாதிபதிக்கு எழுதிய கடிதம்

இது எனக்குப் பரம்பரையாக வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாக்கடை உண்டு. நெல்லைச் சீமையில் ஒரு சிறிய ஊர். பெயர் சொல்லமாட்டேன், அங்கே என் அண்ணன் இன்னும் குடியிருக்க வேண்டும். சாக்கடை அடைத்துக்கொண்டு நிரம்பி வழிந்தபோது, தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, நேராக இந்திய ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். ஆளுநருக்கு ஒரு நகல்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. சிங்க முத்திரை போட்ட காகிதத்தில் இரண்டு வரி. தங்கள் கடிதம் கிடைத்தது, தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடையைத் தாண்டி உள்ளே வந்து, சட்டத்தைப் பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள்.

பஞ்சாயத்து வார்டு உறுப்பினர் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். அவரிடம் சொல்லலாமே என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"அவன்கிட்ட போயி என்னத்தக் கேக்க? அவன் நம்ம தெருக்காரன்" என்றார் அப்பா.

ஆட்சி என்பது தூரத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு தூரமோ அவ்வளவு மதிப்பு. இந்தப் பாடம் என் ரத்தத்தில் ஏறியிருந்தது.

அமெரிக்க அரசியல் விஷயத்தில் நாங்கள் இவ்வளவு மோசமில்லை. வெங்கட் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். செனட்டர்கள் எத்தனை பேர், எத்தனை வருடப் பதவி, சட்டத்தை யார் இயற்றுகிறார்கள், எல்லாம் காரில் போகும்போதே ஒப்பிப்பான். இந்த நாட்டு அரசியலுக்கு எங்களுக்குக் கேள்வி பதில் தாள் இருந்தது. சொந்த நாட்டு அரசியலைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறந்ததே போதும் என்று இருந்துவிட்டோம்.

பெட்டியில் பிரதமர் இல்லை

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். பிரசாரம் ஓய்ந்திருந்தது. ஒலிபெருக்கிகளைக் கழற்றியிருந்தார்கள்.

என் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. வெளிநாட்டிலேயே குடியிருப்பவன் பெயர் அதில் இருக்கலாமா என்பதே சட்டப்படி சிக்கலான கேள்வி என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். கடமையாற்றப் போனவன் அநேகமாக ஒரு விதிமீறலோடுதான் போயிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடம்தான் சாவடி. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். விரலில் மை வைத்தார்கள். கேக்கில் இருந்த நீலத்தைவிடக் கறுப்பு. அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் இயந்திரத்தைப் பார்த்தேன்.

பதினொரு பெயர்கள். அதில் என் பிரதமர் இல்லை.

மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். அவர் இல்லை. அவர் கட்சியின் சின்னமும் இல்லை. கிரிக்கெட் மட்டை இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது.

மறைப்பிலிருந்து தலையை நீட்டினேன். சாவடித் தலைமை அதிகாரி ஒரு பள்ளி ஆசிரியை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மேடம், பிரதமர் பேர் இல்லையே?"

"பிரதமர் இந்தத் தொகுதில நிக்கல சார்."

"அப்ப யாருக்குப் போட்டா அவருக்குப் போகும்?"

"அத நான் சொல்லக் கூடாது சார்."

"நான் அமெரிக்காவுல இருந்து வந்திருக்கேன்."

"அப்பவும் சொல்லக் கூடாது சார்."

வரிசையில் சிரித்தார்கள். யாரோ ஒருவர், "ஏ அண்ணாச்சி, உள்ள போயித் தூங்கிட்டியளா?" என்று குரல் கொடுத்தார்.

அப்போதுதான் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் சொன்னது மண்டையில் ஏறியது. "இந்தத் தடவ கூட்டணில நம்ம தொகுதியச் சூளைக்காரருக்குக் குடுத்துட்டாவ." நான் அதை ஊர் வம்பு என்று நினைத்துத் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சூளைக்காரர் என்றால் செங்கல் சூளை வைத்திருந்தவர். நான் வாழ்நாளெல்லாம் திட்டிக்கொண்டிருந்த கட்சி. என் கல்லூரித் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் எங்கள் தெருமுனையில் மேடை போட்டு நாலு மணி நேரம் பேசியவர். அவருக்குப் போட்டால்தான் என் பிரதமருக்கு ஒரு கை கூடும். போடாவிட்டால் இவ்வளவு தூரம் பறந்து வந்தது வீண்.

கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயருக்கு நேரே அழுத்தினேன். இயந்திரம் நீளமாக ஒரு சத்தம் போட்டது. வெளியே வந்தபோது ஆசிரியை என்னைப் பார்த்து மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது. இருக்கலாம், என் கற்பனையாகவும் இருக்கலாம்.

சில நாட்களில் ஓட்டு எண்ணினார்கள். ஜமால் தொலைபேசியில் அழைத்தான்.

"கங்கிராட்ஸ் சேது. உன் எம்.பி. ஜெயிச்சுட்டாரு."

"அவரை விடு. பிரதமர்?"

"அது இன்னும் முடிவாகல. எம்.பி.ங்க கூடி உக்காந்து முடிவு பண்ணுவாங்களாம்."

"அவங்க யாரு முடிவு பண்றதுக்கு?"

"நீதானே அனுப்பின?"

சர்வதேச அழைப்பில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று அவன் காலிங் கார்டு தேய்ந்துகொண்டிருந்தது. காசு வீணாகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசியில் நான் நினைத்தவர் பிரதமராகவில்லை. வேறொருவர் ஆனார். அவர் மாநிலங்களவை உறுப்பினர். எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. யாருமே அவருக்குப் பொத்தானை அழுத்தவில்லை. ஜனநாயகம் செத்துவிட்டது என்று வெங்கட் குழுவுக்கு எழுதினான். வாக்கியத்துக்கு நாலு ஆச்சரியக்குறி.

சட்டப்படி எல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. மக்களவை எம்.பி.க்களில் பெரும்பான்மை யார் பக்கமோ அவர் பிரதமர், அவர் எந்த அவையில் இருந்தாலும் சரி. ஒழுங்காக நடந்ததுதான் எங்களுக்கு அநியாயமாகப் பட்டது.

ஒரு தாள் குறைந்தது

அடுத்த வாரம் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்முகம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளைஞர், நல்ல மாதிரி.

"இப்போது எதற்காக இந்தியா வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓட்டுப் போட. பிரதமரைத் தேர்ந்தெடுக்க."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "உங்கள் நாட்டில் அதை எம்.பி.க்கள்தானே செய்கிறார்கள்?"

வெள்ளைக்காரப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இளித்தேன்.

பிறகு அவர் என் காகிதங்களைப் புரட்டினார். கம்பெனிக் கடிதம் பழையது. நான் இப்போது வேலை செய்யும் இடம் அதில் இல்லை. புதுக் கடிதம் வேண்டும், அதைச் சரிபார்க்க வேண்டும், சில வாரங்கள் ஆகலாம், அதுவரை அமெரிக்கா திரும்ப முடியாது என்று ஒரு வண்ணச் சீட்டைக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. புறப்படும் முன் காகிதங்களைச் சரிபார்த்திருக்க வேண்டியவன் நான். அந்த நேரத்தில் விடைபெறும் உரை தயாரித்துக்கொண்டிருந்தேன்.

மாலதிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"எத்தனை வாரம்?"

"தெரியல. சீக்கிரம் வந்துடும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "சரி" என்றாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எலுமிச்சம்பழத்தோடு வரிசையில்

ஜூன் மாதமும் பிறந்துவிட்டது. விசா வரவில்லை. ஊரில் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள். எம்.பி.யிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கு. இந்திய எம்.பி. சொன்னால் அமெரிக்க அலுவலகம் எதற்குக் கேட்க வேண்டும் என்று நானும் ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கணம் கடந்ததும், ஒரு துண்டும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு சூளைக்காரர் வீட்டுக்குப் போனேன்.

மாலை நேரம். பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். முற்றம் நிறையக் கூட்டம். எனக்கு முன்னால் நின்றவர் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மனு வைத்திருந்தார். அவருக்கு முன்னால் ரேஷன் கார்டு. அதற்கு முன்னால் ஒரு வாத்தியாருக்கு இடமாறுதல். ஒரு அம்மாள், மகளை விட்டுவிட்டு ஓடிப்போன மருமகனைக் கண்டுபிடித்துத் தரும்படி அழுதுகொண்டிருந்தாள்.

இவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்க வேண்டும். கையில் எலுமிச்சம்பழம் இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து என் முறை வந்தது. மேடையில் கேட்ட குரல் நேரில் கேட்டபோது களைத்த குரலாக இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அமெரிக்காக்காரன் ஆபீசுக்கு நான் கடுதாசி எழுதினா, அவன் அத என்ன செய்வான்னு நெனைக்கிய தம்பி?"

நான் துண்டையும் எலுமிச்சம்பழத்தையும் அவர் கையில் கொடுத்தேன்.

"மத்தியானத்துல இருந்து இந்தக் கூட்டந்தான். சாக்கட பஞ்சாயத்து வேல. ரேஷன் கார்டு தாசில்தார் வேல. வாத்தியார் டிரான்ஸ்பரு மெட்ராஸ்ல மந்திரி வேல. மருமகன் ஓடிப்போனது போலீஸ் வேல. எல்லாத்துக்கும் ஃபோன் போட்டுச் சொல்லுதேன். என் வேல என்னன்னு ஒரு ஆளாவது கேட்டாவளா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"நீங்க படிச்சவுக. நாலு இடம் பாத்தவுக. டெல்லில சபையில மந்திரியப் பாத்து நான் கேக்கதுக்கு ஒரு கேள்வி சொல்லுங்க. நம்ம தொகுதியப் பத்தியோ, நாட்டப் பத்தியோ, என்னமும் சரி. எழுதிக்கிடுதேன்."

பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

பன்னிரண்டு பக்கம் எழுதிய நான் யோசித்தேன். காப்பெல் ஹாலில் மணிக்கணக்காக இந்தியாவை ஆண்ட நான் யோசித்தேன். என் தொகுதியில் எத்தனை ஊர் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ரயில் எங்கே நிற்கிறது, பீடி சுற்றுகிறவர்களுக்கு என்ன கூலி, ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நின்ற சாக்கடைக்காரருக்காவது அவருடைய சாக்கடை தெரிந்திருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

அவர் பேனாவை மூடினார். "ஓட்டு யாருக்குப் போட்டிய?"

"உங்களுக்குத்தான்."

"பொய் சொல்லாதீய."

"சத்தியமா உங்களுக்குத்தான் சார். ஆனா உங்களுக்காக இல்ல."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். முற்றத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் கேட்டார்.

"அங்க வீட்டம்மா தனியாவா இருக்காவ?"

"ஆமா சார். ஒம்பதாம் மாசம்."

சிரிப்பு நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த நேரத்துல எங்களுக்கு ஓட்டுப் போடவா வந்திய?"

அவர் குரலில் நன்றி துளியும் இல்லை. என் எலுமிச்சம்பழத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தம்பி, எங்க போனிய? நாலு தடவ ஃபோன் வந்துட்டு. பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு."

கீழ்த்தளத்தார்

மூன்று வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. மாலதியின் அம்மாவுக்கு அடுத்த வாரத்துக்குத்தான் டிக்கெட்.

நடந்ததை ஜமால்தான் சொன்னான். விடியற்காலையில் மாலதி பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போய் அவர்கள் கதவைத் தட்டியிருக்கிறாள். "அண்ணா, கார் எடுக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள், பால் வாங்கப் போகிற மாதிரி. ஃப்ரீவேயில் ஒரு விபத்து, வண்டிகள் நகரவில்லை. வண்டி ஓட்டக் கூடாத ஓரப் பாதையில் ஜமால் ஓட்டிக்கொண்டு போனான். அமெரிக்கா வந்ததிலிருந்து ஒரு ஸ்டாப் சைனைக்கூட நிற்காமல் தாண்டாதவன்.

பிரசவ அறைக்குள் நஃபீசா போனாள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டதற்கு "சிஸ்டர்" என்று எழுதிக் கொடுத்தாளாம். மாலதி பிடித்த பிடியில் நஃபீசாவின் மணிக்கட்டில் இரண்டு வளையல் உடைந்து கீறிவிட்டது.

நான் அப்போது முற்றத்தில், சாக்கடைக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று தொலைபேசியை யாரோ குழந்தையின் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு சின்ன அழுகை கேட்டது. "கேக்குதா?" என்றாள் மாலதி. கேட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவள் வைத்துவிட்டாள்.

யாரோ ஒருவர் பெயர்

ஜூலையில் விசா வந்தது. டாலஸ் விமான நிலையத்துக்கு ஜமால் வந்திருந்தான். வழியெல்லாம் அவன் அரசியல் பேசவில்லை. நானும் பேசவில்லை.

குழந்தை மாமியார் மடியில் இருந்தாள். ஒரு மாதக் குழந்தை இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் கையில் வந்ததும் வீறிட்டாள். ஆட்டினேன், பாடினேன், நடந்தேன். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, "நான் வர்றேன் மாலதி" என்று ஜமால் வாசலில் நின்று சொன்னான். அந்தக் குரல் கேட்டதும் அழுகை நின்றது. தலையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

ஜமால் சங்கடத்தோடு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பழகிட்டா" என்றாள் மாலதி.

தொலைபேசியில் இத்தனை வாரமும் எல்லோரும் பாப்பா, பாப்பா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் வைப்பதற்கு என் வரவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். விமானத்தில் வரும்போது ஒரு பெயரை முடிவு செய்து, வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். நல்ல நேரம் பார்த்து அறிவிக்கலாம் என்றிருந்தேன்.

மறுநாள் காலை குழந்தைகள் டாக்டரிடம் தடுப்பூசிக்குப் போனோம். சுவரெல்லாம் மீன் படம் ஒட்டிய காத்திருப்பு அறை. நாலைந்து தாய்மார்கள். நான் குழந்தையின் சாக்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

உள்ளறைக் கதவைத் திறந்து நர்ஸ் ஒருத்தி கையிலிருந்த தாளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"யா... லீ... நீ?"

யாரும் எழுந்திருக்கவில்லை. யாராவது எழுந்திருப்பார்கள் என்று நானும் சுற்றிலும் பார்த்தேன்.

"யாலீனீ?"

மாலதி என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரு அது?" என்றேன்.

"உங்க பொண்ணு. யாழினி."

"எப்ப வெச்ச?"

"ஹாஸ்பிட்டல்லயே. பர்த் சர்டிஃபிகேட் ஃபார்ம்ல எழுதணும்னு கேட்டாங்க. நானும் நஃபீசா அக்காவும் ஜமால் அண்ணாவும் இருந்தோம். மூணு பேருக்கும் புடிச்சிருந்துது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாலதி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. அதெல்லாம் அவளுக்கு எப்போதோ தீர்ந்து போயிருந்தது.

"நீங்கதான் ஓட்டுப் போடப் போயிருந்தீங்களே."

நர்ஸ் மூன்றாம் முறை கூப்பிட்டாள். மாலதி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நான் டயப்பர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.